ஒயர் ஏன் திணறுகிறது?

மிக் வெல்டிங் மெஷினின் முகப்பில் பெரும்பாலும் இரண்டு குமிழ்கள் இருக்கும். ஒன்று வோல்ட்டேஜுக்கு, இன்னொன்று ஒயர் வேகத்துக்கு. ஆம்பியருக்கென்று தனிக் குமிழ் இருக்காது. ஸ்டிக் வெல்டிங்கில் பழகிய கைக்கு இது விநோதமாகப் படும். அங்கே முதலில் திருப்புவதே ஆம்பியரைத்தான். மிக்கில் ஒயர் வேகம்தான் ஆம்பியர். 0.8 மி.மீ. இரும்பு ஒயரென்றால் ஒரு ஆம்பியருக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 செ.மீ. ஒயர் என்பது தோராயக் கணக்கு. 100 ஆம்பியர் வேண்டுமானால் நிமிடத்துக்கு 5 மீட்டர் ஒயர் போக வேண்டும். 0.6 மி.மீ. ஒயருக்கு ஆம்பியருக்கு 9 செ.மீ., 0.9 மி.மீ. ஒயருக்கு 4 செ.மீ. ஆகவே ஒயர் திணறினால் கரன்ட் திணறுகிறது. கரன்ட் திணறினால் ஓரிடத்தில் தகடு ஓட்டையாகும், அடுத்த இடத்தில் உலோகம் ஒட்டாமல் மேலோடு படியும்.

இதில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது ஒன்று உண்டு. வீட்டில் கேட்டுக்கோ மாடிப்படிக் கைப்பிடிக்கோ தானே பற்றவைக்கலாம் என்று ஆசையாக மெஷின் வாங்குகிறவர்கள், பற்று கோணல்மாணலாக வந்ததும் தன் கை சரியில்லை என்று முடிவுகட்டி விடுகிறார்கள். கொஞ்ச நாளில் மெஷின் சாக்குப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறது. பல நேரங்களில் கையில் ஒரு குறையும் இல்லை. டார்ச்சுக்குள் ஒயர் விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

எவ்வளவு சிறிய தயக்கம் எவ்வளவு பெரிய சேதம் செய்கிறது என்று பார்த்துவிடுவோம். நிமிடத்துக்கு 5 மீட்டர் என்றால் நொடிக்கு 83 மி.மீ. ஒயர் பத்தில் ஒரு நொடி நின்றுபோனால், வரவேண்டிய 8 மி.மீ. வரவில்லை. டார்ச்சின் செம்பு டிப்புக்கும் பற்றவைக்கும் இடத்துக்கும் நடுவே இருப்பதே 10, 12 மி.மீ.தான். ஒயர் வராவிட்டாலும் ஆர்க் எரிந்துகொண்டுதான் இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒயரை உருக்கியபடி மேலே ஏறும். ஏறி டிப்பைத் தொட்டால் ஒயரும் டிப்பும் ஒன்றாக உருகி ஒட்டிக்கொள்ளும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துபோகிற இந்த விஷயத்தை எந்தத் தேர்ந்த கையாலும் சமாளிக்க முடியாது.

மெஷினின் மற்ற பாகங்கள் ஏன் இதைச் சரிக்கட்டுவதில்லை? சரிக்கட்டத்தான் செய்கின்றன, ஒரு எல்லை வரை. 1920இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பி. ஓ. நோபல் என்பவர் தானாக ஒயர் ஊட்டும் வெல்டிங்கை உருவாக்கியபோது, ஆர்க்கின் வோல்ட்டேஜை வைத்தே ஒயரின் வேகத்தைக் கட்டுப்படுத்தினார். ஆர்க் நீண்டால் ஒயர் வேகமாக வரும், குறுகினால் மெதுவாகும். தேய்ந்த மோட்டார் தண்டுகளையும் கிரேன் சக்கரங்களையும் அதைக்கொண்டு நிரப்பினார்கள். 1948இல் ஒஹையோவின் பேட்டல் ஆய்வு நிறுவனத்தில் இன்றைய மிக் முறை உருவானபோது ஏற்பாடு தலைகீழானது. ஒயரை மெல்லியதாக்கினார்கள்; அதன் வேகத்தை ஒரே சீராக வைத்தார்கள்; வோல்ட்டேஜை மாறாமல் நிறுத்துகிற மின்மூலத்தைக் கொடுத்தார்கள். ஒயர் முனை உலோகத்தை நெருங்கினால் கரன்ட் தானாக ஏறி முனை வேகமாக உருகும், விலகினால் கரன்ட் இறங்கி உருகுவது குறையும். ஆர்க்கின் நீளம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். கை ஓரிரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் பற்று கெடாமல் இருப்பது இதனால்தான். ஆனால் இந்த ஏற்பாடு முழுக்க ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: ஒயர் சீராக வரும். அதில் மண் விழுந்தால் மெஷினிடம் மாற்று வழி கிடையாது.

சீராக வருகிறதா என்பதை முதலில் காது சொல்லும். வீட்டு மெஷின்களில் நாம் வேலைசெய்யும் குறைந்த வோல்ட்டேஜில் ஒயர் முனை உலோகக் குட்டையைத் தொட்டுத் தொட்டு உருகுகிறது, நொடிக்கு 20 முதல் 200 முறை வரை. அதனால்தான் அந்தச் சடசடப்பு. சத்தம் ஒரே கதியில் ஓடினால் ஒயர் நன்றாக வருகிறது. நடுவே விக்கல் விழுந்தாலோ, சத்தம் உயர்ந்து தாழ்ந்து அலைந்தாலோ எங்கோ தடை.

உடனே குமிழைத் திருப்பவோ, ஒயரைப் பிடித்துத் தள்ளும் ரோலரை முறுக்கவோ கை போகும். பக்கத்துப் பட்டறைக்காரரைக் கேட்டாலும், “ரோலரை இன்னும் கொஞ்சம் டைட் வெச்சுப் பாருங்க தம்பி” என்பார். அதற்கு முன் அளந்துவிடுங்கள். எர்த் கிளாம்ப்பைக் கழற்றித் தள்ளி வையுங்கள். கேஸை மூடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு டார்ச்சை முகத்துக்கும் கைக்கும் எதிரில் இல்லாமல் திருப்பி, விசையைச் சரியாக 6 நொடி அழுத்துங்கள். வெளியே வந்த ஒயரை வெட்டி, நீளத்தைப் பத்தால் பெருக்கினால் நிமிடத்துக்கான வேகம். அழுத்தும்போது ஒயரில் மின்சாரம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். குமிழை அசைக்காமல் இதையே திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே நீளம் வர வேண்டும். டார்ச் கேபிளை நேராகப் போட்டு ஒருமுறை, இரண்டு வட்டமாகச் சுருட்டிப்போட்டு ஒருமுறை அளந்தால் இன்னும் தெளிவு கிடைக்கும்.

இதோடு இன்னொன்றும் செய்யலாம். ரோலரின் விளிம்பில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அது சுற்றுவதைப் பாருங்கள். 30 மி.மீ. விட்டமுள்ள ரோலரின் சுற்றளவு 94 மி.மீ.; நிமிடத்துக்கு 5 மீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 53 சுற்று சுற்றும், ஏறக்குறைய நொடிக்கு ஒன்று. கண்ணாலேயே எண்ணலாம். புள்ளி சீராகச் சுற்றியும் ஒயர் நிற்கிறதென்றால் ஒயர் வழுக்குகிறது, பாதையில் தடை. புள்ளியே தயங்கினால், ரோலரின் அழுத்தக் கையைத் தூக்கி ஒயரை விடுவித்துவிட்டு மறுபடி பாருங்கள். சுமை இல்லாதபோது சீராகச் சுற்றினால் அப்போதும் குற்றவாளி பாதைதான். சுமையே இல்லாமல் தயங்கினால் மட்டும் மோட்டார் பக்கமும் சர்க்யூட் பக்கமும் போகலாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் போர்டை மாற்றிப் பணத்தைக் கரைத்தவர்கள் நிறையப் பேர்.

இனி பாதை. ரோலர்கள் ஒயரைப் பிடித்து, டார்ச் கேபிளுக்குள் ஓடும் சுமார் 3 மீட்டர் நீளக் குழாய்க்குள் தள்ளுகின்றன. அந்தக் குழாய்க்குப் பட்டறையில் லைனர் என்று பெயர்; இரும்பு ஒயருக்கு அது நெருக்கமாகச் சுருட்டப்பட்ட எஃகு ஸ்பிரிங். தள்ளுவது என்பதுதான் இங்கே எல்லா வில்லங்கத்துக்கும் வேர். இழுக்கப்படும் கம்பி தானே நிமிர்ந்துகொள்ளும். தள்ளப்படும் கம்பி வளைந்து குழாயின் சுவரில் சாயும். சாய்ந்த இடத்தில் உரசும். உரசுவதால் இன்னும் பலமாகத் தள்ள வேண்டிவரும். அதனால் இன்னும் சாயும்.

முரட்டுக் காளையின் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் மறுமுனையை ஒரு சிறுவன் பிடித்து நிற்கலாம். கயிறு மரத்தைச் சுற்றும் கோணம் கூடக் கூட உராய்வின் பலம் கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறுவதே காரணம். இந்த விதியைக் கணிதமாக எழுதியவர் 18ஆம் நூற்றாண்டின் லியோன்ஹார்டு ஆய்லர். ஜெர்மானியப் பொறியாளர் ஐடெல்வைன் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். வளைந்த லைனருக்குள் ஒயரைத் தள்ளும்போதும் இதே விதிதான். உராய்வுக் கெழு 0.2 என்று வைத்துக்கொள்வோம். கேபிள் ஒரு முழு வட்டம் சுற்றிக் கிடந்தால், டிப்பில் தேவைப்படும் விசையைப்போல் மூன்றரை மடங்கு விசையை ரோலர் தர வேண்டும். இரண்டு வட்டமென்றால் ஏழு மடங்கல்ல, 12 மடங்கு. மூன்று வட்டம், 43 மடங்கு. டிப்பின் துளை வழியாக ஒயரைத் தள்ள 200 கிராம் எடை அளவு விசை போதுமென்றால், இரண்டு வட்டம் சுருண்ட கேபிளில் ரோலருக்கு வேண்டியது சுமார் இரண்டரைக் கிலோ. வட்டமாகத்தான் இருக்க வேண்டுமென்றும் இல்லை. இடமும் வலமுமாக நான்கு இடத்தில் செங்கோணமாக மடங்கினாலும் கணக்கு ஒரு முழு வட்டம்தான். எதிரெதிர்த் திசை என்பதால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாது.

இந்தக் கணக்கிலிருந்து நேராக வேலைக்கு உதவும் இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. லைனரில் அழுக்குச் சேர்ந்து உராய்வுக் கெழு 0.2இலிருந்து 0.3 ஆகிறது என்று வையுங்கள். உராய்வு ஒன்றரை மடங்குதான் கூடியது. ஆனால் அதே இரண்டு வட்டத்தில் பெருக்கம் 12இலிருந்து 43க்குத் தாவுகிறது. நேற்றுவரை நன்றாக ஓடிய மெஷின் இன்று திடீரென்று மக்கர் செய்வது ஏன் என்று இதிலிருந்து புரியும். மெதுவாகச் சேர்ந்த அழுக்கு, ஒரு வளைவு கூடுதலாக விழுந்த நாளில் எல்லையைத் தாண்டிவிடுகிறது. இரண்டாவது, டிப்பில் இருக்கும் தடைதான் இத்தனை மடங்காகப் பெருகி ரோலரை வந்தடைகிறது. ஆகவே பழுது பார்ப்பதை ரோலரில் தொடங்கக் கூடாது. டார்ச்சின் முனையில் தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும்.

டிப்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். புதிய டிப்பின் துளை வட்டமாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். 0.8 என்று பொறித்த டிப்பின் துளை அதைவிடச் சற்றே பெரிதாகத் துளைக்கப்பட்டிருக்கும். அந்தச் சிறு இடைவெளியில்தான் ஒயர் உரசி மின்சாரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஓடி ஓடிப் பழசான டிப்பில் துளை ஒரு பக்கமாக இழுபட்டு முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். உள்ளே தெறித்த பொறி ஒரு மணலளவு ஒட்டியிருந்தாலும் போதும், ஒயர் அதில் முட்டி நின்று, பின்னால் விசை சேர்ந்ததும் துள்ளி வெளியே வரும். காதுக்குக் கேட்கிற விக்கல் இதுதான். டிப்பைக் கழற்றிவிட்டு ஒயரை ஓட்டிப் பாருங்கள். வழவழவென்று ஓடினால் லைனரைத் தொடவே வேண்டாம். குத்தூசியால் குடைந்து, அரம் போட்டுத் தேய்த்துப் பழைய டிப்பையே ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிப் மலிவு, தேய்வதற்கென்றே செய்யப்பட்டது. பையில் நாலைந்து டிப் இல்லாமல் மிக் வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் கட்சி.

டிப் இல்லாமலும் ஒயர் இறுகினால் லைனர். 5 கிலோ சுருளில் 0.8 மி.மீ. ஒயர் எவ்வளவு நீளம் இருக்கும் என்று யோசித்ததுண்டா? மீட்டருக்கு 4 கிராம்கூட இல்லை. ஆக ஒன்றேகால் கிலோமீட்டர். அத்தனையும் இந்த 3 மீட்டர்க் குழாய்க்குள் உரசிக்கொண்டே போகிறது. ஒயரின் மேல் பூசிய செம்பு உதிர்கிறது, சுருளின் மேல் படிந்த பட்டறைத் தூசும் அரைத்த இரும்புத் தூளும் கூடவே உள்ளே போகின்றன. லைனரை உருவி வெள்ளைத் துணியின் மேல் கம்ப்ரஸர் காற்றைப் பிடித்தால் காப்பிப்பொடி நிறத்தில் தூள் கொட்டும். எவ்வளவு கொட்டுகிறது என்று பார்த்தாலே பாதி வியாதி தெரிந்துவிடும். காற்றடித்தும் சரியாகாவிட்டாலோ எங்காவது மடங்கியிருந்தாலோ லைனரை மாற்றிவிடுவதே நல்லது. மாற்றும்போது கேபிளைத் தரையில் நேராக நீட்டிப் போட்டுவிட்டுத்தான் லைனரின் நீளத்தை வெட்ட வேண்டும். சுருண்ட நிலையில் வெட்டினால் நேராக்கியதும் சில மில்லிமீட்டர் குறைந்துபோய், டிப்புக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் விழும். ஒயர் அங்கே அலைந்து முட்டும். அளவும் முக்கியம். 1.2 மி.மீ. ஒயருக்கான லைனரில் 0.6 மி.மீ. ஒயரைப் போட்டால் உள்ளே பாம்புபோல் நெளிந்து நெளிந்து போகும், ஒவ்வொரு நெளிவும் ஒரு வளைவுக் கணக்கு.

வழுக்கட்டுமே என்று லைனருக்குள் எண்ணெய் விடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வேண்டவே வேண்டாம். எண்ணெய் ஒயரோடு ஆர்க்குக்குள் போனால் அதிலுள்ள ஹைட்ரஜன் பற்றுக்குள் புகுந்து பொத்தல் பொத்தலாக்கும். வெளியே தங்கிய எண்ணெயோ தூசைப் பிடித்துப் பசையாக்கும். அதைவிட, ரோலருக்கு முன்னால் ஒயரின் மேல் ஒரு துண்டு கம்பளித் துணியைத் துணிக்கிளிப்பால் கவ்விவிட்டால் தூசு உள்ளே போகாமலே நின்றுவிடும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் சுருளை மெஷினிலேயே விட்டுவைத்தால் ஒயரில் துரு பூக்கும். துருப்பிடித்த ஒயர் லைனரை அரம்போல் அராவும். வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றி இறுக்கமான டப்பாவில் போட்டு வைப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும்.

இப்போதுதான் ரோலர். ரோலரை முறுக்குவது எல்லோருக்கும் தோன்றுகிற முதல் வைத்தியம். முறுக்கியதும் கொஞ்ச நேரம் ஒயர் நன்றாகக்கூட வரும். ஆனால் அதிக அழுத்தத்தில் ரோலர் ஒயரை நசுக்கும். வட்டமாக இருந்தது தட்டையாகும். தட்டையான ஒயரின் அகலம் டிப்பின் துளைக்கு ஏறக்குறைய சமமாகிவிட்டால் அங்கே சிக்கும். நசுங்கும்போது செம்புப் பூச்சு உதிர்ந்து லைனரை அடைக்கும். எந்தத் தடையைத் தாண்டுவதற்காக முறுக்கினோமோ அந்தத் தடையை நாமே வளர்க்கிறோம்.

முறுக்கியதால் வரும் இன்னொரு விளைவு, ரோலருக்கும் லைனரின் வாய்க்கும் நடுவே ஒயர் கொத்தாகச் சுருண்டு குருவிக்கூடு கட்டிக்கொள்வது. இதற்கும் அதே ஆய்லரிடம்தான் போக வேண்டும். மெல்லிய தூணை மேலிருந்து அழுத்தினால் எந்த எடையில் அது பக்கவாட்டில் வளைந்து மடங்கும் என்று 1744இலேயே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார் அவர். இடையில் தாங்கல் இல்லாத தூணின் நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் எடை நான்கில் ஒன்றாகும். ரோலரைவிட்டு வெளியே வந்த ஒயர் லைனரின் வாய்க்குள் நுழையும்வரை அந்தரத்தில் நிற்கிற ஒரு குட்டித் தூண்தான். 0.8 மி.மீ. எஃகு ஒயரின் அந்த இடைவெளி 10 மி.மீ. என்றால் அது மடங்க 40 கிலோ எடை அளவு விசை வேண்டும். நடைமுறையில் மடங்கவே மடங்காது. இடைவெளி 30 மி.மீ. ஆனால் நாலரைக் கிலோவிலேயே மடங்கிவிடும். ஒயர் ஏற்கெனவே கொஞ்சம் வளைந்து வருவதால் நிஜத்தில் இன்னும் சீக்கிரமே. விட்டத்தின் பங்கு இதைவிடக் கடுமையானது, நான்காம் அடுக்கில் வருகிறது: 0.8இலிருந்து 0.6 மி.மீ. ஒயருக்கு மாறினால் தாங்கும் விசை மூன்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. லைனரின் வாயை ரோலருக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவர முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைப்பதும், ரோலரின் பள்ளமும் அந்த வாயும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று கண்ணை வைத்துப் பார்ப்பதும் குருவிக்கூட்டுக்கு உண்மையான மருந்து.

அப்படியானால் அழுத்தம் எவ்வளவு? ரோலரைத் தளர்த்தி ஒயர் வழுக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, வழுக்குவது நிற்கும் இடத்திலிருந்து அரைச் சுற்று மட்டும் கூட்டுங்கள். முனையில் ஏதாவது ஒட்டிக்கொண்டால் ரோலர் வழுக்க வேண்டும், ஒயர் மடங்கக் கூடாது. வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் செய்யும் வேலையை இங்கே அந்த வழுக்கல் செய்கிறது. ரோலரைக் கழற்றிப் பள்ளத்தின் அளவையும் பார்த்துவிடுங்கள். பல ரோலர்களில் ஒரு பக்கம் 0.6, மறுபக்கம் 0.8 என்று இரண்டு பள்ளம் இருக்கும், திருப்பிப் போட்டிருக்கலாம். கேஸ் இல்லாமல் ஓட்டும் ஃபிளக்ஸ் ஒயர் உள்ளே மருந்து அடைத்த மெல்லிய குழாய். அதற்குச் சொரசொரப்பான பள்ளமுள்ள ரோலர் தேவை, அழுத்தமும் குறைவாகவே வேண்டும். அதோடு, பெரும்பாலான ஃபிளக்ஸ் ஒயர்களுக்கு டார்ச்சை மைனஸில் மாட்ட வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் பொறி பறக்கிற பறப்பைப் பார்த்து ஒயர் வேகம்தான் தவறு என்று தோன்றும்.

சுருளைத் தாங்கும் அச்சிலும் ஒரு பிரேக் நட்டு உண்டு. அது இறுக்கமாக இருந்தால் ரோலர் இழுக்கும் விசையின் பெரும்பகுதி அங்கேயே செலவாகிவிடும். தளர்ந்திருந்தால் டார்ச் விசையிலிருந்து கையை எடுத்தபிறகும் சுருள் ஓடி, ஒயர் தொளதொளவென்று அவிழும். கையை எடுத்ததும் சுருளும் நின்றுவிட வேண்டும், அதற்கு மேல் இறுக்கம் வேண்டாம்.

பாதை முழுக்கச் சுத்தம், புள்ளி வைத்த ரோலர் மட்டும் இன்னும் தயங்குகிறது என்றால் மின்சாரப் பக்கம். மூடியைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பொறுத்திருங்கள். இன்வெர்ட்டர் மெஷினுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் 230 வோல்ட் இணைப்பில் 325 வோல்ட் வரை ஏறியிருக்கும், பிளக்கை எடுத்ததும் உடனே இறங்கிவிடாது. மீட்டர் வைத்துப் பார்த்து உறுதியான பிறகே கை வையுங்கள்.

ஒயர் ஓட்டும் மோட்டார் சாதாரண டிசி மோட்டார்தான், 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடுவது. சுற்றும்போது அது தானும் ஒரு டைனமோவாகி எதிர் வோல்ட்டேஜை உண்டாக்குகிறது. அந்த எதிர் வோல்ட்டேஜ்தான் வேகத்தின் அளவு. சுமை கூடினால் மோட்டார் அதிகக் கரன்ட் இழுக்கும், அந்தக் கரன்ட் சுருளின் மின்தடையிலேயே கொஞ்சம் வோல்ட்டேஜைத் தின்றுவிடும், மிச்சத்துக்குத்தான் வேகம். சுமையால் 2 வோல்ட் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 வோல்ட் கொடுத்து வேகமாக ஓட்டும்போது அது பத்தில் ஒரு பங்கு இழப்பு. மெல்லிய தகட்டுக்காக 8 வோல்ட்டில் மெதுவாக ஓட்டும்போது அதே 2 வோல்ட் நாலில் ஒரு பங்கு. கனமான கோணச் சட்டத்தில் நன்றாக ஓடிய மெஷின், பைக் டேங்க் போன்ற மெல்லிய தகட்டில் மட்டும் விக்குவதற்குப் பல நேரம் இதுவே காரணம். நல்ல சர்க்யூட்கள் மோட்டாரின் எதிர் வோல்ட்டேஜை அளந்து, குறைந்த அளவுக்கு ஏற்றிக் கொடுத்துவிடும். மலிவான மெஷின்களில் அந்த ஏற்பாடு இருக்காது.

பழைய ரக டிரான்ஸ்ஃபார்மர் மெஷின்கள் சிலவற்றில் இன்னொரு குறை, வடிவமைப்பிலேயே இருக்கும். மோட்டாருக்கான மின்சாரத்தையும் வெல்டிங் மின்சாரத்திலிருந்தே எடுத்திருப்பார்கள். ஆர்க் பிடித்த கணத்தில் வோல்ட்டேஜ் தாழும், மோட்டார் தளரும், ஒயர் குறையும், கரன்ட் குறைந்து வோல்ட்டேஜ் ஏறும், மோட்டார் வேகமெடுக்கும். சத்தம் அலைந்துகொண்டே இருக்கும். காற்றில் ஒயரை ஓட்டி அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்பதால் இதைக் கண்டுபிடிப்பது சிரமம். மோட்டார் முனைகளில் மீட்டரை மாட்டி, ஆர்க் இல்லாமலும் ஆர்க்கோடும் வோல்ட்டேஜைப் பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் மோட்டாருக்கென்று தனியாக ஒரு பவர் சப்ளையும் வேகக் கட்டுப்பாட்டுப் போர்டும் போட்டுவிடலாம். எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த நண்பர் ஒரு மாலைப்பொழுதில் செய்துதருவார். அதற்குப் பிறகு அது வேறு மெஷின். கையோடு வேகக் குமிழின் கார்பன் தடத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். குமிழைத் திருப்பும்போது மின்தடை சீராக ஏற வேண்டும். நடுவில் எகிறினால் அது போய்விட்டது. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

ஒயர் நிற்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. விசையை விட்டதும் மோட்டார் தன் வேகத்தில் இன்னும் சற்று ஓடப் பார்க்கும். அதைத் தடுக்க ஒரு ரிலே, மோட்டாரின் இரு முனைகளையும் இணைத்துவிடும். மோட்டார் உண்டாக்கும் மின்சாரமே அதற்கு பிரேக்காகிவிடும். ஒவ்வொரு பற்று முடிந்ததும் ஒயர் விரல்நீளம் நீட்டிக்கொண்டு நின்றால் இந்த ரிலேயைப் பார்க்க வேண்டும்.

ஒயரின் மேல் வீணாகப் பழி விழுகிற சந்தர்ப்பங்களும் உண்டு. எர்த் கிளாம்ப் பெயின்ட்டின் மேலோ துருவின் மேலோ கடித்திருந்தால், அங்கே 0.02 ஓம் தடை இருந்தாலே 100 ஆம்பியரில் 2 வோல்ட் போய்விடும். 17 வோல்ட்டில் வேலைசெய்யும் ஆர்க்குக்கு 2 வோல்ட் பெரிய தொகை. ஒயர் முட்டி முட்டி வருவதுபோலவே இருக்கும். 1 சதுர மி.மீ. ஒயர் போட்ட 25 மீட்டர் எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து மெஷினை ஓட்டினால், 20 ஆம்பியர் இழுக்கும்போது அந்த ஒயரிலேயே 17 வோல்ட் கரைந்து, 340 வாட் சூடாக வெளிவரும். சுருட்டி வைத்த நிலையில் அது உருகி எரியவும் கூடும். மெஷினுக்குக் கனமான கேபிளை, முழுக்க விரித்துப் போட்டு மட்டுமே பயன்படுத்துங்கள்.

அலுமினியம் இதெல்லாவற்றிலும் தனி ரகம். அதன் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே ஆய்லர் கணக்கில் தாங்கும் விசையும் மூன்றில் ஒன்று. எஃகு ஒயருக்கான ஸ்பிரிங் லைனர் அதைச் சுரண்டிவிடும், கூர்மையான வீ பள்ளம் நசுக்கிவிடும். டெஃப்லான் லைனரும் யூ வடிவப் பள்ளமுள்ள ரோலரும் வேண்டும், கேஸ் சுத்தமான ஆர்கானாக இருக்க வேண்டும். வீட்டு மெஷினில் அலுமினியம் செய்ய விரும்புகிறவர்கள் 0.8 மி.மீ. ஒயரைத் தவிர்த்து 1.0 மி.மீ. வாங்குவது நல்லது. நான்காம் அடுக்கு இங்கே நமக்குச் சாதகமாகத் திரும்பி, 1.0 மி.மீ. அலுமினிய ஒயரின் விறைப்பு 0.8 மி.மீ. எஃகு ஒயரை ஏறக்குறைய எட்டிவிடுகிறது. தொடர்ந்து அலுமினிய வேலை வருமென்றால் ஸ்பூல் கன் வாங்கிவிடலாம். சிறிய சுருளும் மோட்டாரும் கைப்பிடியிலேயே இருக்கும். 3 மீட்டர் தள்ள வேண்டியது போய் ஒரு சாண் தூரம் தள்ளினால் போதும்.